உருமாறும் கார்டு: முகம் மட்டும் மாறுகிறதா, ஆளே மாறுகிறாரா?

மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, போன்ல மேஜிக் கார்டு கேமை அரீனா ஆப்புல ஆடிக்கிட்டிருந்தேன். என் ப்ரூட்டல் கதார்ங்கிற கார்டு எதிராளியோட பெரிய கிரியேச்சர் (சண்டை போடுற கார்டு) ஒண்ணைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. இரவாகி கதார் ஓநாயா மாறிருச்சு, ஆனா பிடிச்சு வச்சது அவன்கிட்ட திரும்பிப் போகல. தொண்டியில இருக்கிற என் மச்சான் ஹார்த்ஸ்டோன்ங்கிற வேற கார்டு கேம் ஆடுறவன். மாறினா அது புது ஆளு, பழசு போயிரும், பிடிச்சதும் திரும்பணும், இது பக்குங்கிறான். அதோட இரவுல ரெண்டாவது கதாரை இறக்கினேன், அது யாரையுமே பிடிக்கல. எது சரி?"

பக் இல்லை தம்பி. இரண்டு இடத்திலும் விதிப்படிதான் நடந்திருக்கிறது. உன் மச்சான் உளறவும் இல்லை. அவன் ஆடுகிற கேமில் அவன் சொல்வதுதான் சட்டம். அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்தியதுதான் சிக்கல்.

உருமாறுகிற கார்டு எந்த கேமில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். களத்தில் நிற்பது அதே ஆள்தானா, இல்லை பழைய ஆள் போய்ப் புது ஆள் வந்து நிற்கிறாரா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் போதும். பட்ட அடி நிற்குமா, ஏற்றிவைத்த கவுன்டர் (கார்டின் மேல் வைக்கிற அடையாள வில்லை) நிற்குமா, இந்த டர்னிலேயே அட்டாக் பண்ணலாமா, செத்தால் என்ன நடக்கும் என்று மீதி எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடலாம்.

மேஜிக்கில் பதில்: அதே ஆள்தான். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில், பாம்பன் பக்கம் விசைப்படகுகளைப் பழுதுபார்த்துப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பாய். அடித்த பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் படகின் பதிவெண் அதேதான், என்ஜின் அதேதான், அடியில் அடைக்காத ஓட்டை இருந்தால் அதுவும் அதே இடத்தில்தான் இருக்கும். 2011 செப்டம்பரில் இன்னிஸ்ட்ராட் என்ற தொகுப்பில் முதன்முதலில் வந்த இரட்டை முகக் கார்டுகள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. கார்டைத் திருப்பிப் போட்டால் பெயர், பலம், திறமை எல்லாம் மறுபக்கத்தில் உள்ளபடி மாறும். ஆனால் கார்டு களத்தை விட்டு நகரவில்லை. அதன் மேல் இருந்த +1/+1 கவுன்டர் இருக்கும், ஒட்டிவைத்த ஆரா என்ற மந்திரக் கார்டு இருக்கும், போன டர்னிலேயே களத்தில் நின்றிருந்தால் மாறிய கையோடு அட்டாக்குக்கும் போகலாம். 'களத்துக்கு வரும்போது' என்று தொடங்கும் திறமை எதுவும் கிளம்பாது, ஏனென்றால் எதுவும் வரவில்லை; இருந்ததுதான் இருக்கிறது.

இப்போது உன் கதாருக்கு வருவோம். பகல் முகத்தில் அது 3 மனா (கார்டை இறக்கக் கட்டுகிற சக்தி) செலவில் வரும் 2/2, அதாவது 2 அடி கொடுக்கும், 2 அடி வாங்கினால் சாகும். அதன் வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு துண்டு தெரியும். ஒன்று, கதார் களத்துக்கு வரும்போது, அல்லது ப்ரூட்டல் கதாராக உருமாறும்போது, எதிராளியின் கிரியேச்சர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எக்ஸைல் செய்கிறது, அதாவது களத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கிறது. இரண்டு, அந்தக் கிரியேச்சர் கதார் களத்தை விட்டுப் போகும்வரை வெளியே இருக்கும். இரவானதும் கதார் மூன்ரேஜ் ப்ரூட் என்ற 3/3 ஓநாயாக மாறியது. ஆனால் களத்தை விட்டுப் போகவில்லையே! அதனால் பிடிபட்டவனுக்கு விடுதலை இல்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மறுபடி பகலானால் ஓநாய் திரும்பக் கதாராகும். 'ப்ரூட்டல் கதாராக உருமாறும்போது' என்ற சொல் அங்கே வேலை செய்து, இரண்டாவதாக ஒரு கிரியேச்சரையும் பிடித்துவிடும். முதலில் பிடித்ததும் உள்ளேயேதான் இருக்கும். கதார் செத்தாலோ கைக்குத் திரும்பினாலோ இரண்டும் ஒன்றாக எதிராளியிடம் போய்ச் சேரும். அப்படித் திரும்புகிறவை புது ஆட்கள். மேலே இருந்த கவுன்டர் எல்லாம் போய்விட்டிருக்கும், எதிராளியின் டர்னில் திரும்பினால் அந்த டர்னில் அட்டாக்குக்கும் வர முடியாது. பிடிபட்டது டோக்கன் (கார்டாக இல்லாமல் வேறொரு கார்டு உருவாக்கிய கிரியேச்சர்) என்றால் திரும்பவே திரும்பாது. எக்ஸைலுக்குப் போன நிமிஷமே அது இல்லாமல் போய்விடுகிறது.

உன் இரண்டாவது கதார் யாரையும் பிடிக்காததற்குக் காரணம் வேறு. கதாரைப் போல டேபவுண்ட் (பகலிரவுக்கு ஏற்ப முகம் மாறும்) என்ற சொல் போட்ட கார்டை இரவில் இறக்கினால், அது இரவு முகத்தோடுதான் களத்துக்கு வரும். நீ மனா கட்டி இறக்கியது கதார். களத்தில் கால் வைத்தது மூன்ரேஜ் ப்ரூட். ப்ரூட்டின் வாசகத்தில் பிடிக்கிற வேலையே கிடையாது. சண்டையில் முந்தி அடிக்கிற ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருக்கும், அப்புறம் வார்டு இருக்கும்; எதிராளி தன் ஸ்பெல்லாலோ (போடுகிற கார்டு) திறமையாலோ அதைக் குறிவைத்தால் 3 உயிர் கட்ட வேண்டும். ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் இரவில் கதாரைக் கையிலேயே வைத்திரு, இல்லையா இறக்கிவிட்டுப் பகலுக்குக் காத்திரு.

பகலும் இரவும் எப்படி மாறுகின்றன என்பதில்தான் நம் பையன்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது பகலும் இல்லை, இரவும் இல்லை. டேபவுண்ட் உள்ள முதல் கார்டு களத்துக்கு வந்ததும் பகல் பிறக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கார்டு செத்தாலும் சரி, ஓநாய் ஒன்றுகூட மிச்சமில்லாவிட்டாலும் சரி, ஆட்டம் முடியும்வரை இந்தச் சுழற்சி நிற்காது. ஒவ்வொரு டர்னும் தொடங்கும்போது அன்டாப் என்ற முதல் கட்டத்தில் கேம் போன டர்னைத் திரும்பிப் பார்க்கும். பகலாக இருந்து, போன டர்னுக்கு உரியவர் தன் டர்னில் ஒரு ஸ்பெல்கூடப் போடவில்லை என்றால் இரவாகும். இரவாக இருந்து, அவர் இரண்டோ அதற்கு மேலோ போட்டிருந்தால் பகலாகும். மனா தருகிற லேண்ட் கார்டை வைப்பது ஸ்பெல் இல்லை. களத்தில் உள்ள கார்டின் திறமையைத் தட்டுவதும் ஸ்பெல் இல்லை. போட்ட ஸ்பெல்லை எதிராளி கவுன்டர் செய்து ரத்தாக்கிவிட்டால் அது கணக்கில் உண்டு, போட்டது போட்டதுதான். இந்த மாற்றத்துக்குக் குறுக்கே யாரும் எதையும் போட்டுத் தடுக்கவும் முடியாது.

'டர்னுக்கு உரியவர்' என்பதை நன்றாகப் பிடித்துக்கொள். 2011-இல் வந்த பழைய ஓநாய்கள் டர்னில் யாராவது ஸ்பெல் போட்டார்களா என்று பார்த்தன. எதிராளி உன் டர்னில் ஒரு சின்ன இன்ஸ்டன்டை (யார் டர்னிலும் போடக்கூடிய ஸ்பெல்) தூக்கிப்போட்டால் அவை மாறாமல் மனிதர்களாகவே நிற்கும். 2021 செப்டம்பரில் மிட்நைட் ஹன்ட் தொகுப்போடு வந்த டேபவுண்ட் அப்படியில்லை. உன் டர்னில் நீ சும்மா இருந்தால் போதும், எதிராளி என்ன போட்டாலும் இரவு வரும். அதனால் இந்த டெக் ஆடுகிறவர்கள் தங்கள் டர்னில் கையைக் கட்டிக்கொண்டு பாஸ் கொடுத்துவிட்டு, எதிராளியின் டர்னில் இன்ஸ்டன்டைப் போடுவார்கள். மனாவும் வீணாகாது, இரவும் கிடைக்கும். என்னைக் கேட்டால் பழைய விதியைவிட இதுதான் நல்ல விதி. தள்ளிப்போடவும் வரவழைக்கவும் உன் கையில் பிடி இருக்கிறது.

உன் களத்தில் கதார் ஓநாயாக நிற்கும்போது எதிராளி பாடு இன்னும் சங்கடம். ஓநாய்களை மனிதர்களாக்க அவன் ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டால், உன் டர்ன் தொடங்கும்போது பகலாகி, கதார் அவனிடம் இருக்கிற நல்ல கிரியேச்சர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விடும். போடாமல் விட்டால் 3/3 வந்து அடித்துக்கொண்டே இருக்கும். புத்திசாலி எதிராளி கதாரைப் பகலிலேயே கொன்றுவிடுவான். அப்போது வார்டும் இல்லை, பலமும் 2/2 தான்.

அடி பட்டது என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு வார்த்தை. மேஜிக்கில் டேமேஜ் அந்த டர்ன் முடியும்போது தானாக அழிந்துவிடும். பகலிரவு வழக்கமாக டர்ன் தொடக்கத்தில் மாறுவதால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் தி செலஸ்டஸ் என்ற ஆர்ட்டிஃபாக்ட் (கருவிக் கார்டு) இருந்தால் உன் டர்னின் நடுவிலேயே 3 மனா கட்டிப் பகலை இரவாக்கலாம். சண்டையில் 1 அடி வாங்கி நிற்கிற 2/2 கதாரை இப்படி மாற்றினால் அது 3/3 ஆகும், வாங்கிய 1 அடியும் அதன் மேலேயே இருக்கும். அந்த டர்னில் இன்னும் 2 அடி விழுந்தால் செத்துவிடும்.

சில பொடி விவரங்கள். பின்முகத்தில் மனா விலை அச்சடித்திருக்காது. முன்முகத்தின் விலையே அதற்கும், அதாவது மூன்ரேஜ் ப்ரூட்டுக்கும் 3 தான். ஒற்றை முகம் மட்டும் உள்ள ஒரு குளோன் கார்டு ப்ரூட்டைக் காப்பியடித்தால் அந்தக் காப்பியின் மனா விலை 0, அது பகலிலும் ஓநாயாகவே நிற்கும். திருப்பிப் போட அதற்கு மறுபக்கம் இல்லை. கையில், டெக்கில், கிரேவ்யார்டில் (செத்த கார்டுகள் போகிற குவியல்) இருக்கும்போது இரட்டை முகக் கார்டு எப்போதும் முன்முகம்தான்.

மேஜிக்குக்குள்ளேயே ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சில கார்டுகள் 'உருமாற்று' என்று மட்டும் சொல்லாமல், 'எக்ஸைல் செய், பிறகு உருமாறிய நிலையில் களத்துக்குத் திருப்பிக் கொண்டுவா' என்று சொல்லும். 2022 பிப்ரவரியில் காமிகாவா: நியான் டைனஸ்டியில் வந்த ஃபேபிள் ஆஃப் தி மிரர்-பிரேக்கர் இதற்கு நல்ல உதாரணம். அது சாகா, அதாவது அத்தியாயம் அத்தியாயமாக ஓடுகிற கார்டு; மூன்றாவது அத்தியாயத்தில் அது வெளியே போய், ரிஃப்ளெக்ஷன் ஆஃப் கிக்கி-ஜிக்கி என்ற 2/2 கிரியேச்சராகத் திரும்பி வரும். இங்கே நிஜமாகவே போய் வந்ததால் அது புது ஆள். 1 மனா கட்டி அதை டாப் செய்தால் (பக்கவாட்டில் திருப்பினால்) உன் இன்னொரு கிரியேச்சரின் காப்பி கிடைக்கும், ஆனால் வந்த டர்னில் டாப் செய்ய முடியாது. அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு டர்ன் இடைவெளியில்தான் எதிராளி அதைக் கொல்லப் பார்ப்பான். இத்தனைக்கும் அந்தக் கார்டு 2023 மே மாதம் ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட வகையில் தடை செய்யப்பட்டது, அவ்வளவு பலம். ஆகவே கார்டில் 'எக்ஸைல்' என்ற சொல் நடுவில் வருகிறதா என்று பார்த்துக்கொள்.

சரி, உன் மச்சானின் ஹார்த்ஸ்டோனுக்குப் போவோம். 2014 மார்ச்சில் வெளிவந்த அந்த கேமில் உருமாற்றம் என்றால் பழைய ஆள் சுவடே இல்லாமல் போய்விடுவார். மேஜ் வகுப்பின் பாலிமார்ஃப் 4 மனா; எவ்வளவு பெரிய மினியனாக (கிரியேச்சருக்கு அங்கே அதுதான் பெயர்) இருந்தாலும் 1/1 செம்மறியாடாக்கிவிடும். ஷாமனின் ஹெக்ஸ் அதை டான்ட் (என்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று மறிக்கிற திறமை) உள்ள 0/1 தவளையாக்கும். டிரியன் ஃபோர்ட்ரிங் என்ற 8 மனா 6/6 வீரனை எடுத்துக்கொள். அவன் செத்தால் டெத்ராட்டில் கிளம்பி அவன் எஜமானுக்கு 5/3 ஆயுதம் ஒன்று கிடைக்கும். அவனை ஆடாக்கிவிட்டால் அவன் சாகவில்லை, அதனால் ஆயுதமும் இல்லை. பிறகு ஆட்டைக் கொன்றால் செத்தது ஆடுதான். செத்த மினியன்களை எழுப்புகிற ப்ரீஸ்ட் கார்டுகளைப் போட்டாலும் அந்த ஆடுதான் எழுந்து வரும், டிரியன் வரமாட்டான். ஆட்டின் மேல் சைலன்ஸ் போட்டால் பழைய உருவம் திரும்பும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. திரும்பாது. சைலன்ஸ் ஒரு மினியன் மேல் ஏற்றிய மந்திரங்களை நீக்கும், ஆடு என்பது மேலே ஏற்றியது இல்லை, அதுவே அந்த மினியன்.

இதே குணத்தை உனக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 2016-இல் வந்த எவால்வ் என்ற ஷாமன் ஸ்பெல், உன் மினியன்களை ஒவ்வொன்றாக 1 மனா அதிக விலையுள்ள ஏதோ ஒரு மினியனாக மாற்றும். அடிபட்டு 1 உயிரோடு நின்றவை முழு உயிரோடு புதிதாக நிற்கும். ஆனால் புதிதாக வந்தவை என்பதால் வந்த டர்னிலேயே அடிக்க விடுகிற சார்ஜ், ரஷ் போன்ற திறமை இல்லாவிட்டால் அந்த டர்னில் அட்டாக் இல்லை. பேட்டில்க்ரை என்ற, இறங்கும்போது கிளம்புகிற திறமையும் வராது, அது கையிலிருந்து இறக்கினால் மட்டும்தான். அதனால் ஷாமன் ஆடுகிறவர்கள் முதலில் எல்லாவற்றையும் அட்டாக்குக்கு அனுப்பி, அடி வாங்கவிட்டு, கடைசியில் எவால்வ் போடுவார்கள். மேஜிக்கில் ஓநாயை மாற்றிவிட்டு அடிக்கிறோம், இங்கே அடித்துவிட்டு மாற்றுகிறோம். உன் மச்சானுக்கு இது கைப்பழக்கமாகியிருக்கும், அதனால்தான் உன் கதாரைப் பார்த்துக் குழம்பியிருக்கிறான்.

விதிவிலக்கு மாதிரி தெரிகிற ஒன்று ஃபேஸ்லெஸ் மேனிப்புலேட்டர். 5 மனா கட்டி இறக்கினால், தேர்ந்தெடுத்த மினியனாகவே அது மாறும், அந்த மினியன் வாங்கிய அடியும் மேலே ஏற்றிய பலமும் உட்பட. அதைப் பார்த்து ஹார்த்ஸ்டோனிலும் அடி நிற்கும் என்று சொல்லிவிடாதே. அங்கே நிற்பது மாறியவனின் பழைய அடி இல்லை, யாரைப் பார்த்துக் காப்பியடித்தானோ அவனுடைய அடி.

போக்கிமான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2024 அக்டோபர் 30-இல் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற போன் கார்டு கேமில் பரிணாமக் கார்டைப் பழைய கார்டின் மேலேயே வைக்கிறாய். 60 உயிருள்ள சார்மாண்டர் 40 அடி வாங்கி 20-இல் நிற்கிறது என்று வை. அதை 90 உயிருள்ள சார்மிலியனாக்கினால் 50 உயிர் இருக்கும். அடி அப்படியே தொடர்கிறது, கூடின உயிர்தான் சேர்கிறது. அட்டாக்குக்காக ஏற்றிய எனர்ஜி இருக்கும், அந்த டர்னிலேயே அட்டாக்கும் பண்ணலாம். ஆனால் விஷம், தூக்கம் போன்ற நோய்கள் மட்டும் பரிணாமத்தோடு கழன்றுவிடும். இறக்கிய டர்னிலேயே பரிணாமம் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. வேகமில்லாத கேம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்தக் காத்திருப்பு பிடித்திருக்கிறது. எதிராளிக்கும் சார்மாண்டரைச் சின்னதாக இருக்கும்போதே அடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

காகிதத்தில் செய்ய முடியாத சில உருமாற்றங்களும் இருக்கின்றன. இரட்டை முகக் கார்டைக் கடையில் வாங்கி ஆடினால் பின்பக்கம் தெரியாத உறை போட வேண்டும், பகலா இரவா என்று ஆளாளுக்கு நினைவு வைக்க வேண்டும். திரையில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு மேலும் போய், ஹார்த்ஸ்டோனின் ஷிஃப்டர் ஜீரஸ் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு டர்னும் வேறொரு மினியனாக மாறிக்கொண்டிருக்கும். கேமில் உள்ள மினியன் பட்டியல் முழுவதும் கம்ப்யூட்டர் கையில் இருப்பதால்தான் இது நடக்கிறது. அரீனாவில் 2021 ஆகஸ்டில் பெர்பெச்சுவல் என்ற ஏற்பாடு வந்தது. அந்தச் சொல் போட்டு நடந்த மாற்றம் கார்டு எங்கே போனாலும் கூடவே போகும், கைக்குத் திரும்பினாலும், கிரேவ்யார்டுக்குப் போனாலும். 2022 ஜூலையில் வந்த ஸ்பெஷலைஸ் கார்டுகள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. மனா கட்டி ஒரு கார்டைக் கழித்தால், கழித்த கார்டின் நிறத்தைப் பொறுத்து ஐந்து உருவங்களில் ஒன்றாக அந்தக் கிரியேச்சர் நிரந்தரமாக மாறிவிடும். அப்படிப்பட்டதை எதிராளியின் கைக்குத் திருப்பியனுப்பிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரலாம் என்று மனாவை வீணடிக்காதே.

போனில் ஆடும்போது கார்டை அழுத்திப் பிடித்தால் மறுமுகத்தையும் பார்க்கலாம். எதிராளி டேபவுண்ட் எதையாவது இறக்கியதும் ஒருமுறை பார்த்துவிடு. அப்புறம், தனுஷ்கோடிப் பக்கம் போய் உட்கார்ந்து ஆடுகிற பழக்கம் இருந்தால் ரோமிங்கை அணைத்து வை. அங்கே போன் இலங்கை நெட்வொர்க்குக்குத் தாவும். டர்ன் நேரம் முடியப்போவதைக் காட்டுகிற கயிறு எரிகிற சமயத்தில் சிக்னல் போனால் டர்ன் அப்படியே கைமாறும். அதற்குள் நீ ஸ்பெல் எதுவும் போட்டிருக்காவிட்டால், ஸ்பெல் இல்லாமல் டர்ன் முடிந்ததாகத்தான் அரீனா எடுத்துக்கொள்ளும். பகலாக இருந்திருந்தால் அடுத்தது இரவு, எதிராளியிடம் ஓநாய் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறும்.